பொட்டு வைத்த லாரி

நாற்றத்துக்குப் பழகினவன் நான். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவனிடம் நாற்றத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். கடல் பக்கம் திரும்பினால் மீன், இந்தப் பக்கம் தோல் கிடங்கு, காற்று மாறினால் ரயில் கரிப்புகை. மூன்றையும் சுவாசித்துக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. ஆனால் எங்கள் சந்து வாயில் இரண்டு வருஷம் நின்ற ஒரு லாரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

யுத்தம் முடிந்த சமயம். பட்டாளத்துக்காரன் வேண்டாமென்று கழித்துவிட்ட லாரிகளை ஏலத்தில் எடுத்து ஆளாளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் ரேஷன் சீட்டுக்குத்தான் கிடைக்கும். அதனால் லாரியின் முதுகில் ஆளுயரத் தகர உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையிலே வண்டியை ஓட்டுவார்கள். ஏற்றத்தில் இருமும், இறக்கத்தில் கக்கும். அப்படி ஒரு லாரி, ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, எண்ணூரிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் சந்து வாயில் திரும்பப் பார்த்தது. முன்சக்கரம் சாக்கடையில் இறங்கியது. அச்சு முறிந்தது.

டிரைவர் இறங்கி வந்து, கூடி நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"சொம்மா ரெண்டே நாளு நிக்கட்டும் நைனா. அச்சு எட்த்துகினு வந்துர்றேன்."

உப்பை மட்டும் மாட்டுவண்டிக்கு மாற்றிக் கொண்டுபோய்விட்டான். அச்சு எடுக்கப் போனவன் போனவன்தான்.

எங்கள் சந்துக்கு வாய் ஒன்றுதான். மறு கோடியில் ஒரு கிடங்கின் மதில் நிற்கும். லாரி அடைத்தது போக, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம் மிஞ்சியது. தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற பெண்பிள்ளைகள் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தித்தான் உள்ளே கொண்டுவர முடியும். கை ரிக்‌ஷா நுழையவே நுழையாது.

நான் பெரம்பூரில் பட்டறை ஃபிட்டர். ஓடாமல் நிற்கிற இயந்திரத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். என் சந்துக்காரர்களுக்கும் அரித்தது, வேறு விதமாக. முதல் வாரம் விளக்குகள் போயின. அப்புறம் பாட்டரி, சீட்டு, கதவுகள். பிறகு ஒரே நாளில் டயர் அத்தனையும் போய், வண்டி வெறும் சக்கர வட்டில் குந்திக்கொண்டது. யார் கழற்றினார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்பேனர் கேட்டு என் வீட்டுக்குத்தானே வந்தார்கள்? நானும் கொடுத்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கழற்ற ஒன்றும் இல்லையென்று ஆனதும், போட ஆரம்பித்தார்கள். மீன் தலை, குடல், அடுப்புச் சாம்பல், குழந்தைகளின் பீத்துணி, செத்த பூனை. சாக்கடை அடைத்துக்கொண்டு லாரிக்கு அடியில் கறுப்பாகத் தேங்கியது. அதன் மேல் நுரை கட்டி, நுரையில் புழு நெளிந்தது. தகர உருளையின் மறைவில் ஆண்கள் ஒதுங்கினார்கள். படித்தவன், படிக்காதவன், கோயிலுக்குப் போகிறவன், பள்ளிவாசலுக்குப் போகிறவன், சர்ச்சுக்குப் போகிறவன், எல்லோரும் அதில் ஒற்றுமையாக இருந்தார்கள். மழை பெய்தால் உருளையிலிருந்து தார் மாதிரி ஒரு கசடு ஒழுகி எங்கள் வாசல் வரை வரும். பெருச்சாளிகள் மனிதர்களுக்கு ஒதுங்குவதை விட்டுவிட்டன. நாங்கள்தான் அவற்றுக்கு ஒதுங்கி நடந்தோம்.

அந்தத் தை மாதம் என் மனைவிக்கு முதல் பிரசவம்.

வலி எடுத்தது நடுப்பகலில். ரிக்‌ஷாக்காரர் சந்து முனை வரை வந்து, லாரியைப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டார். ஒரு நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தூக்கினோம். நாற்காலி அந்த இடுக்கில் நுழையவில்லை. சாய்த்தோம், திருப்பினோம், நுழையவில்லை. கடைசியில் அவளை இறக்கி, நான் முன்னாலும் ரிக்‌ஷாக்காரர் பின்னாலும் பிடித்துக்கொள்ள, அந்தக் கறுப்புத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, ஒருக்களித்து, லாரியின் துருப்பிடித்த விளிம்பு அவள் வயிற்றை உரச, அவள் தாண்டி வந்தாள். என் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பித்தான் தெறித்தது.

குழந்தை பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸம்மா, "நேரமானதால இல்லப்பா, கொடி சுத்திகினு இருந்தது" என்று சொன்னார். சொல்லட்டும். என் மனசு அதை இன்றுவரை ஏற்கவில்லை. என் பிள்ளையைக் கொன்றது அந்த லாரிதான் என்றே நான் நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் சட்டம் என்ற ஒன்று இருப்பது எனக்குத் தெரியவந்தது. பொதுவழியில் கேட்பாரற்றுக் கிடக்கிற வண்டியை கார்ப்பரேஷன் ஆபீஸே இழுத்துப்போகலாம். அதற்கு முதலில் ஒருவன் மனு எழுத வேண்டும். பிறகு ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும். பிறகு வண்டியின் மேல் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். முப்பது நாள் யாரும் வந்து "என்னுது" என்று சொல்லக் கூடாது. வண்டி புழக்கத்தில் இருக்கிற அடையாளமும் இருக்கக் கூடாது. இந்த முப்பது நாளும் தாண்டினால் சங்கிலி போட்டு இழுத்துப்போவார்கள். கேட்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது.

சொந்தக்காரனைத் தேடிப் பிடித்தால் வேலை சுலபம் என்று நினைத்து, விசாரித்துக்கொண்டு ராயபுரம் ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரி டிப்போவுக்குப் போனேன். முதலாளி பல்லிடுக்கில் மாட்டின பாக்கைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை போனதையும் சொன்னேன். குச்சியை எடுத்துப் பார்த்து, நுனியில் இருந்ததைத் துப்பிவிட்டு,

"எந்த லாரி? என்னான்ட லாரி ஒண்ணியும் கெடையாதே" என்றார்.

அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தது அந்த லாரியின் படம். மாலை போட்டு, டிரைவரும் அவரும் பக்கத்தில் நிற்கிற படம். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். அப்போதும் பல்லைத்தான் நோண்டினார். ஒரு மனுஷன் இவ்வளவு கேவலமாக இருக்க முடியுமா என்று எனக்குக் குமட்டியது. வெளியே வந்து ரயில் பாதை ஓரத்தில் நிஜமாகவே வாந்தி எடுத்தேன்.

இருபது மாசம் மனு எழுதினேன். பட்டறைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் படி ஏறுவேன். குமாஸ்தா மேஜைமேல் மூக்குப்பொடி சிந்திக் கிடக்கும், அதன் மேலேயே என் மனுவை வைப்பார். ஒரு மனு தொலைந்தது. இரண்டாவதில் சந்தின் பெயர் பிழை. மூன்றாவதைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் சந்து முனையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, "உள்ளே எப்படிப்பா இருக்கீங்க?" என்று எங்களையே கேட்டுவிட்டுப் போனார். நான்காவதற்கு, அடுத்த வருஷம் ஆவணியில், ஒரு வழியாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த முப்பது நாளும் நான் பட்டறையிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். யாராவது கிழித்திருக்கிறானா, ஆடு தின்றிருக்கிறதா என்று. கெடு முடிந்தது. விஜயதசமிக்கு மறுநாள் இழுக்க ஆள் வரும் என்று ஆபீஸ் பியூன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது அவளுக்கு மறுபடி ஏழாம் மாசம்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கத்தில் எந்த இரும்பும் வெறுமே இருக்கக் கூடாது. தராசு, அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள், மீன் வெட்டுகிற கத்தி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் பட்டறைப் பூஜையை முடித்துக்கொண்டு பொரியும் கடலையுமாக வீட்டுக்கு வந்து, என் ஸ்பேனர் பைக்கும் பொட்டு வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டேன். அந்த மத்தியானம் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, பட்டறையிலிருந்து திரும்பினேன். வழியெல்லாம் காலியான சந்து வாயை மனசுக்குள் பார்த்துக்கொண்டே வந்தேன். லாரி அங்கேயே நின்றது. நெற்றியில், அதாவது எஞ்சின் மூடி மேல், மூன்று விரல் சந்தனம். நடுவில் குங்குமம். உடைந்த கம்பியில் முழம் சாமந்தி. காலடியில் நசுங்கின எலுமிச்சம்பழம்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். நடந்ததைச் சொன்னாள்.

காலையில் சங்கிலியோடு வண்டி வந்திருக்கிறது. ஆறு ஆள், ஒரு மேஸ்திரி. மேஸ்திரி பொட்டைப் பார்த்ததும் கையிலிருந்த சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னாம்மா இது? கேட்பாரத்த வண்டின்னு எய்திக் குட்த்துகிறாங்கோ. கேட்பாரத்த வண்டிக்கு எவன் பூஜை போடுவான்? ஓனரு கீறான்மா இதுக்கு. பூஜை போட்ட வண்டிய நான் இஸ்துகினு போனா என் வூடு வெளங்குமா?"

"நான்தான்யா வெச்சேன்" என்றிருக்கிறாள் இவள்.

"அப்போ உங்க வண்டியா?"

ஆமாம் என்றால் வம்பு. இல்லை என்றால் ஏன் வைத்தாய் என்று கேட்பார். அவள் பயந்து வாயை மூடிக்கொண்டாள். மேஸ்திரி காகிதத்தில் 'வண்டி புழக்கத்தில் உள்ளது' என்று எழுதி, எங்கள் கதவு எண்ணையும் குறித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"உனக்குப் புத்தி கித்தி கீதா?" என்று கத்தினேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். "இருபது மாசம்! இந்தப் பொணத்துக்குப் பொட்டு ஒரு கேடா?"

"அது நாளான்னிக்குப் போவப்போவுதுன்னு சொன்னீங்க," என்றாள். "போறப்ப நம்ம மேல கோவமா போவக் கூடாதுன்னு வெச்சேன். ஒண்ணு எட்த்துகிச்சு. இந்தவாட்டி வழி விடுன்னு வேண்டிகினேன்."

அதற்கு மேல் நான் என்ன கத்துவது? ஆனாலும் கத்தினேன். அது நினைவிருக்கிறது. ஏழு மாச வயிற்றோடு படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நான் கத்தினேன் என்பதை, கரி டிப்போக்காரனின் பல்லுக்குச்சியைவிட அருவருப்பான விஷயமாக நான் நினைத்துப் பார்க்க இன்னும் சில மாசம் ஆயிற்று.

பத்து நாளில் லாரி மேல் புது நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் என் பெயர். பூஜை போட்டவர் வீட்டுக்காரர் என்ற முறையில் நான்தான் உரிமையாளராம். ஏழு நாளில் அப்புறப்படுத்த வேண்டுமாம். நான் ஆபீஸுக்கு ஓடினேன். குமாஸ்தா பொறுமையாகத்தான் சொன்னார்.

"உங்க வண்டி இல்லேன்னு எழுதிக் கொடுங்க. அப்போ அது திரும்பவும் கேட்பாரற்ற வண்டி. மனு, இன்ஸ்பெக்‌ஷன், நோட்டீஸ், முப்பது நாள். முதல்லேர்ந்து வரும்."

"அதுக்குள்ள என் பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆயிடுமே சார்."

"அப்போ உங்க வண்டின்னு எழுதிக் கொடுங்க. உங்க வண்டிய நீங்க எடுத்துட்டுப் போறதை யார் கேக்கப்போறாங்க?"

பொடி சிந்தின அந்த மேஜையிலேயே எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி லாரி என்னுடையது.' என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுப்போடு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். கடற்கரைக்காரர்கள் படகைக் கரையேற்றுகிற சவுக்குக் கட்டைகளையும் வடத்தையும் இரவல் கொடுத்தார்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் கட்டைகளைக் கொடுத்தோம். வண்டி அசைந்ததும் கீழேயிருந்து கிளம்பின வாடையில் இரண்டு பேர் வடத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். நாற்பது ஐம்பது பெருச்சாளி எங்கள் கால்களுக்கு நடுவே பாய்ந்தது. அடியில் இரண்டு வருஷத்துச் சேறு, நாங்கள் எல்லோரும் தின்று கழித்தது, களி மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. இதைப் போட்டவன் எவனும் வடம் பிடிக்க வரவில்லை. வாசலில் நின்று, "சோக்கா இஸ்றீங்க மாமு" என்று உற்சாகப்படுத்தினார்கள்.

வடக்கே உப்பளப் பக்கம் வெட்டவெளியில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவது என்று ஏற்பாடு. பட்டண எல்லைக்கல் வரை இழுத்தோம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒருவனுக்குக் கால் நசுங்கியது. எல்லைக்கல் தாண்டி நூறடியில், திருவொற்றியூர்ப் பக்கம், ஒரு தெருமுனை ஓரமாக நிறுத்தினோம்.

"மீதிய நாளைக்கு இஸ்துக்கலாம்பா" என்றான் ஒருவன்.

"ஆமாம், நாளைக்கு" என்றேன் நான்.

அங்கே ஓட்டு வீடுகள் இருந்தன. ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். லாரியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. எல்லைக்கல் தாண்டிவிட்டது, எங்கள் ஆபீஸுக்கு இனி அதோடு சம்பந்தம் கிடையாது என்ற கணக்கு என் மண்டையில் அப்போதே ஓடிவிட்டது. மறுநாள் வேலை நாள். அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ரிக்‌ஷா எங்கள் வாசற்படி வரை வந்தது. அவள் தானாக நடந்து போய் ஏறி உட்கார்ந்தாள். பெண் குழந்தை. நல்ல தொண்டை.

குழந்தை குப்புற விழ ஆரம்பித்த மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வந்து வாசலில் நின்றார். என் வயசு இருக்கும். வேட்டி ஓரமெல்லாம் கறுப்புச் சேறு. அந்த வாடை எனக்கு முதலில் தெரிந்தது, ஆள் அப்புறம்தான்.

"பெரம்பூர் பட்டறைல வேல செய்றவரு வூடு இதானாண்ணா?"

"இன்னா விஷயம்?"

"ஒரு லாரி விஷயமா வந்தேண்ணா. எங்க சந்து முனைல நிக்குது. அதுக்குக் கீய அல்லாரும் குப்பை கொட்டி ஒரே கலீஜா பூட்ச்சு. எங்க வூட்ல மாசமா கீறாங்கோ. ரிக்‌ஷா உள்ள வராது..."

"எந்த லாரி?" என்றேன். "என்னான்ட லாரி ஒண்ணியும் கெடையாதே."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. ராயபுரத்து ரயில் பாதை ஓரத்தில் எடுத்த வாந்தி மறுபடி தொண்டைக்கு வந்தது. அவர் கோபப்படவில்லை. மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, கிழியாமல் பிரித்து, என் முன் நீட்டினார். பின்பக்கம் துருவும் பசையும் ஒட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் அதைக் கிழிக்கக்கூட இல்லை. என் பெயர், என் சந்து, என் கதவு எண், 'உரிமையாளர்'.

"இது ஒட்டியிருந்ததுண்ணா" என்றார்.

பேர் தப்பு, ஆபீஸ் தப்பு, அது பெரிய கதை என்று சொல்ல எல்லாம் நாக்கில் தயாராக இருந்தது. அதற்குள் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைப் பார்க்கவே இல்லை. அவர் வேட்டி ஓரத்துச் சேற்றைத்தான் பார்த்தாள்.

"எத்தினி மாசம்?" என்று கேட்டாள்.

"எட்டும்மா."

"எங்க வண்டிதாண்ணா அது," என்றாள். "நான்தான் அதுக்குப் பொட்டு வெச்சேன்."

உள்ளே போய் என் ஸ்பேனர் பையை எடுத்து வந்து படியில் வைத்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, அவர் பின்னால் நடந்தேன்.